கணக்கு திரும்பி வந்துவிட்டது, தூக்கம் வரவில்லை

கேள்வி: எனக்கு 46 வயது. கருங்கல் அருகே வசிக்கிறேன். கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். மகள் நாகர்கோவிலில் படிக்கிறாள். இரண்டு மாதங்களுக்கு முன்பு, எங்கள் அன்பியத்தைச் (தேவாலயப் பங்கில் அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் சிறு குழு) சேர்ந்த தோழியின் எண்ணிலிருந்து, "உங்களுக்குத் தவறுதலாக ஆறு இலக்க எண் ஒன்று வந்திருக்கும், அனுப்புங்கள் அக்கா" என்று வாட்ஸ்ஆப்பில் செய்தி வந்தது. அனுப்பினேன். உடனே என் கணக்கு கைவிட்டுப் போய்விட்டது. அன்பியக் குழுவிலும் மகளிர் சுயஉதவிக் குழுவிலும் என் பெயரில் அவசரமாகப் பணம் கேட்டிருக்கிறார்கள். இரண்டு பேர் அனுப்பியும்விட்டார்கள். சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணில் புகார் கொடுத்தோம். அன்று மாலையே மகள் எஸ்எம்எஸ் எண்ணைப் போட்டுக் கணக்கை மறுபடி பதிவு செய்தாள். ஆனால் ஏதோ பின் (PIN) எண் கேட்டதால் ஏழு நாள் காத்திருந்துதான் உள்ளே போக முடிந்தது. அந்த ஏழு நாளில் அவன் மகளின் படங்களையெல்லாம் பார்த்திருப்பானே என்ற நினைப்பு விடவில்லை. தூக்கமில்லை. போன் ஒலித்தால் நெஞ்சு படபடக்கிறது. நாள் முழுக்க போனைத் திறந்து திறந்து பார்க்கிறேன். அன்பியக் கூட்டத்துக்குப் போவதை நிறுத்திவிட்டேன். "உன் புத்தி எங்கே போயிற்று" என்கிறார் கணவர். எனக்கு மனநோய் வந்துவிட்டதா?

பதில்: அன்புள்ள சகோதரி, நீங்கள் பயப்படும் அளவுக்கு எதுவும் இல்லை. ஆனாலும் இதை இப்படியே விடவும் கூடாது.

முதலில் அந்த ஏழு நாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எஸ்எம்எஸ்ஸில் வந்த எண்ணை மகள் போட்ட அந்தக் கணமே அவன் வெளியேற்றப்பட்டுவிட்டான். அவன் வைத்த பின் எண் உங்களை உள்ளே விடாமல் தடுத்ததே தவிர, அவனை உள்ளே வைத்திருக்கவில்லை. ஆக, அவன் கையில் கணக்கு இருந்தது சில மணி நேரம்தான். இந்த முறையில் கணக்கைப் பறிப்பவனின் போனுக்குப் பழைய உரையாடல்களும் படங்களும் போவதில்லை. அவை உங்கள் போனிலும், காப்புப் பிரதி எடுத்திருந்தால் உங்கள் கூகுள் கணக்கிலும்தான் இருக்கும். நீங்கள் எந்தெந்தக் குழுக்களில் இருக்கிறீர்கள் என்பதும், அந்தச் சில மணி நேரத்தில் வந்த புதிய செய்திகளும் அவனுக்குத் தெரிந்திருக்கும். கூகுள் கடவுச்சொல்லை மாற்றுங்கள், வாட்ஸ்ஆப்பில் இரட்டைச் சரிபார்ப்புக்கு உங்கள் சொந்தப் பின் எண்ணைப் போடுங்கள். மகளை உட்கார வைத்தால் பத்து நிமிட வேலை.

உளவியல் ஆலோசகர் எதற்கு வாட்ஸ்ஆப் பாடம் நடத்துகிறார் என்று தோன்றலாம். என்னிடம் வருபவர்களில் பலரை வாட்டுவது நடந்த இழப்பைவிட, "இன்னும் என்னவெல்லாம் அவனிடம் இருக்கிறதோ" என்ற தெரியாமைதான். அந்த இடைவெளியை மனம் காலியாக விடாது. இருப்பதிலேயே மோசமான கற்பனையைக் கொண்டுவந்து நிரப்பும். இதற்கு மாத்திரையைவிடச் சரியான தகவல் வேகமாக வேலை செய்யும்.

அடுத்தது நீங்கள் போனைத் திறந்து பார்ப்பது. பார்த்தவுடன் ஒன்றுமில்லை என்று ஒரு நிம்மதி வருகிறதல்லவா, சிக்கலே அதில்தான் இருக்கிறது. பார்த்ததால்தான் தப்பித்தோம் என்று மூளை கணக்குப் போடுகிறது. அடுத்த படபடப்பு வந்ததும் மறுபடி பார்க்கச் சொல்கிறது. சொறியச் சொறிய அரிப்பு கூடுவதைப் போலத்தான். முற்றிலும் நிறுத்துங்கள் என்று நான் சொல்லமாட்டேன், உங்களால் முடியாது. மாலை ஏழு மணிக்கு ஒரே ஒரு முறை பாருங்கள். வாட்ஸ்ஆப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதியில் தெரியாத கருவி ஏதாவது இருக்கிறதா, வங்கிக் கணக்கில் இருப்பு சரியாக இருக்கிறதா, இந்த இரண்டும் போதும். மற்ற நேரத்தில் பார்க்கத் தோன்றினால் பத்து நிமிடம் தள்ளிப்போடுங்கள். முதல் வாரம் கஷ்டமாக இருக்கும். படபடப்பு தானாகவே ஏறி, தானாகவே இறங்குவதை நீங்களே கவனிப்பீர்கள். மஸ்கட்டிலிருந்து வரும் இரவு அழைப்பு முடிந்ததும் போனை அடுக்களையில் சார்ஜ் போட்டுவிட்டுப் படுக்கப் போங்கள். அலாரத்துக்கு ஒரு டைம்பீஸ் வாங்கிக்கொள்ளலாம்.

இப்போது அன்பியக் கூட்டம். என் கணிப்பில் உங்கள் நோவின் வேர் இங்கேதான். நம் மாவட்டத்தில் பங்குக் குழு, சுயஉதவிக் குழு, குடும்பக் குழு எல்லாவற்றிலும் அதே முகங்கள்தான் இருக்கும். காலையில் நடந்தது மதியத்துக்குள் வளைகுடாவரை போய்விடும். அதிலும் சுயஉதவிக் குழுவில் ஒரு பெண்ணுக்கு நாணயம்தான் சொத்து. தவணை தவறாத உங்கள் பெயரிலேயே கடன் கேட்டுச் செய்தி போனது உங்களைச் சுட்டிருக்கிறது. வீட்டில் நகை திருடு போனால் ஊரே வந்து அனுதாபம் சொல்லும். ஏமாற்றி வாங்கப்பட்ட எண்ணுக்கோ, "ஏன் கொடுத்தாய்" என்ற விசாரணைதான் நடக்கிறது. இந்த வித்தியாசம் நியாயமற்றது.

தன்னைத்தானே குற்றம் சொல்வதில் இரண்டு வகை உண்டு என்று 1979இல் ரோனி ஜனோஃப் புல்மன் என்ற உளவியலாளர் எழுதினார். "அந்த எண்ணை அனுப்பியது தவறு" என்பது ஒரு செயலைப் பற்றியது, அதைத் திருத்திக்கொள்ளலாம். "நான் ஒன்றுக்கும் உதவாதவள்" என்பது ஆளையே சாய்ப்பது. உங்கள் கணவரின் கேள்வி முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு உங்களைத் தள்ளுகிறது. அவர் கெட்ட எண்ணத்தில் கேட்டிருக்க மாட்டார். கடல் கடந்து இருப்பவருக்குப் பயம் பெரும்பாலும் கோபமாகத்தான் வெளிவரும். இருந்தாலும் இந்தப் பதிலை அவருக்கு அனுப்பிவையுங்கள். அந்த மோசடிக்காரன் பிடித்தது உங்கள் முட்டாள்தனத்தை அல்ல, தோழி கேட்டால் மறுக்காத உங்கள் பழக்கத்தை. அந்தத் தோழியின் கணக்கும் அதற்கு முன்பே அதே வழியில் பறிபோயிருக்க வேண்டும். அவர்களிடம் பேசினீர்களா? உங்களைப் போலவே அவர்களும் ஒளிந்துகொண்டிருக்கலாம்.

கூட்டத்துக்கு ஒரேயடியாகப் போக வேண்டாம். முதலில் நெருக்கமான ஒருவரைப் போய்ப் பாருங்கள். பிறகு பணம் அனுப்பிய இருவரையும் நேரில் சந்தியுங்கள். "என் பெயரைச் சொல்லி உங்களை ஏமாற்றிவிட்டார்கள், புகார் கொடுத்திருக்கிறேன், நீங்களும் 1930இல் கொடுத்தீர்களா?" என்று கேட்டால் போதும், நீண்ட விளக்கம் வேண்டாம். பணத்தை நீங்கள் திருப்பித் தர வேண்டுமா? வாங்கியவர் நீங்கள் இல்லை, ஆகவே கடமை இல்லை என்பதே என் கருத்து. உறவுக்காக ஏதாவது கொடுக்க மனம் வந்தால் கையிலிருப்பதைக் கொடுங்கள். குற்ற உணர்வில் வட்டிக்கு மட்டும் வாங்காதீர்கள்.

மருத்துவரையும் பார்க்க வேண்டும். இத்தகைய அதிர்ச்சிக்குப் பின் சில வாரங்கள் தூக்கம் கெடுவது இயல்பு. இரண்டு மாதமாகியும் தொடர்ந்து, வெளியே போவதும் நின்றிருப்பதால் காத்திருக்க வேண்டாம். இந்த வயதில் மாதவிடாய் நிற்கும் காலத்து மாற்றங்களும் தைராய்டு கோளாறும் இதே படபடப்பையும் தூக்கமின்மையையும் கொடுக்கும் என்பதால், இரத்த அழுத்தத்தையும் தைராய்டையும் பரிசோதித்துவிடுங்கள். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலிமனஸ் (அரசின் தொலைபேசி மனநல ஆலோசனை) எண்ணை எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள். உயிரோடு இருந்து என்ன என்ற எண்ணம் ஒரு முறை வந்தால்கூட அன்றைக்கே பேசுங்கள். மருந்துக் கடையில் தூக்க மாத்திரை கேட்டு வாங்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. ஒருமுறை ஏமாந்தவர்களைத் தேடி இரண்டாவது கூட்டம் வரும். "சைபர் பிரிவிலிருந்து பேசுகிறோம், உங்கள் குழுவினர் இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் கட்டுங்கள்" என்பார்கள். காவல்துறை அப்படிக் கட்டணம் கேட்காது. இப்போதிருக்கும் குற்ற உணர்வில் இந்த அழைப்பை நம்ப உங்களுக்கு ஆசை வரும். அப்படி யாராவது அழைத்தால் பதில் பேசாமல் துண்டித்துவிட்டு, மகளிடம் சொல்லுங்கள். பணம் அனுப்பிய அந்த இருவரிடமும் இதை மறக்காமல் சொல்லிவிடுங்கள்.