கேளுங்க சொல்றேன்: எழுதாத பக்கத்துல கையெழுத்து போடாதீங்கம்மா

(இந்த தடவை வந்த கேள்வியில பாதிக்கு மேல பள்ளி மேலாண்மைக் குழு, அதான் நம்ம எஸ்.எம்.சி. பத்தி. ரிட்டையர்டு ஹெச்.எம்.ங்கிறதால என் தலையில கட்டிட்டார் எடிட்டர்.)

எங்க ஊர் ஊராட்சி ஒன்றிய தொடக்கப் பள்ளியில என்னை எஸ்.எம்.சி. தலைவியா ஆக்கிட்டாங்க. எட்டாவதுதான் படிச்சிருக்கேன். தீர்மான நோட்டை பசங்ககிட்ட வீட்டுக்கே குடுத்து விடுறாங்க, பென்சில்ல டிக் அடிச்ச இடத்துல கையெழுத்து போட்டுடுவேன். சில சமயம் மேல ஒண்ணுமே எழுதியிருக்காது. எங்க வீட்டுக்காரர் திட்டுறார். தப்பாங்க?
- வாசகி, பெரம்பலூர் மாவட்டம்

உங்க வீட்டுக்காரர் மத்த விஷயத்துல எப்படியோ, இதுல அவர் சொல்றது சரி. படிப்பு எட்டாவதுன்னு கூச்சப்படாதீங்க, 2009 கல்வி உரிமைச் சட்டம் இந்தக் குழுவுல முக்கால்வாசி பேர் பெத்தவங்களா இருக்கணும், பாதிப் பேர் பொம்பளைங்களா இருக்கணும்னுதான் சொல்லுது, டிகிரி கேக்கல.

ஒரு உண்மையைச் சொல்லிடுறேன், இதே வேலைய நானும் பண்ணியிருக்கேன். மாசக் கடைசி, மேல இருந்து ரிப்போர்ட் கேட்டு போன் மேல போன், கூட்டத்துக்கு வந்தது நாலே பேர், சரின்னு போன மாசத் தீர்மானத்தையே தேதிய மாத்தி எழுதி தலைவியம்மாகிட்ட கையெழுத்து வாங்கிட்டேன். ரெண்டு நாள் கழிச்சு அந்தம்மா எதுக்கோ ஸ்கூலுக்கு வந்தவங்க நோட்டைத் தொறந்து எழுத்துக்கூட்டிப் படிக்கிறாங்க, "குடிநீர்க் குழாய் நான்கும் நல்ல நிலையில் உள்ளன." கீழ அவங்க கையெழுத்து. அவங்க பொண்ணு மூணாங்கிளாஸ், தினமும் வீட்டுல இருந்து பாட்டில்ல தண்ணி கொண்டு வருது, ஏன்னா நாலு குழாயில மூணு வேலை செய்யல. அந்தம்மா ஒண்ணும் பேசல, என்னைப் பாத்துட்டு நோட்டை மூடி மேஜை மேல வச்சுட்டுப் போயிட்டாங்க. அதுக்கப்புறம் எழுதாத பக்கத்துலயோ, படிச்சுக் காட்டாமலோ நான் யார்கிட்டயும் கையெழுத்து கேக்கல.

அதனால நோட்டு வீட்டுக்கு வந்தா அப்படியே திருப்பி அனுப்புங்க, கூட்டத்துலயே படிச்சுக் காட்டச் சொல்லுங்க, கடைசி வரிக்குக் கீழ இடம் விடாம கோடு போட்டுட்டு கையெழுத்து போடுங்க.

டாய்லெட் கதவு உடைஞ்சு ஒரு வருஷம் ஆச்சு. கூட்டத்துல மாசாமாசம் பேசுறோம், ஹெச்.எம். "மேல சொல்லியிருக்கேன்"ங்கிறார். மேலன்னா எங்க சார்?
- வாசகர், விருத்தாசலம் பக்கம்

ஹாஹா, நல்ல கேள்வி. உங்களுது ஊராட்சி ஒன்றியப் பள்ளின்னு எழுதியிருக்கீங்க, அப்ப கட்டடம், கக்கூஸ், காம்பவுண்டு பராமரிப்பு ஒன்றியத்தோட பொறுப்பு, அதாவது பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸ். ஸ்கூலுக்கு வாத்தியார் இல்ல, பாடம் நடக்கலன்னா அது பி.இ.ஓ. (வட்டாரக் கல்வி அலுவலர்). ஒரு எழுத்துதான் மாறுது, ஆனா ஆபீஸ் வேற, அங்க குடுத்த மனு இங்க வராது. நீங்க பேசினதை "கழிவறை சரி செய்ய வேண்டும்"னு மொட்டையா எழுதாதீங்க, பொண்ணுங்க கழிவறை, இடது பக்கக் கதவு, எந்த மாசத்துல இருந்து உடைஞ்சிருக்குன்னு தீர்மானத்துல எழுதி, நகல் எடுத்து பி.டி.ஓ. ஆபீஸ்ல குடுத்து இன்னொரு நகல்ல சீல் வாங்கிடுங்க. அதுக்கும் அசையலன்னா கிராம சபை இருக்கு, வருஷத்துக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்க எஸ்.எம்.சி. தீர்மானத்தை ஊர் முன்னாடி வாசிச்சு கிராம சபைத் தீர்மானமாவும் ஏத்துங்க. வாயால சொன்னது அந்த வாசலோட போயிடும், சீல் போட்ட பேப்பரைத்தான் அவங்க ஃபைல்ல வைக்கணும்.

தலைவருக்கு சம்பளம் உண்டா?
- வாசகர், தேனி

கிடையாது. டீ கிடைச்சா உங்க அதிர்ஷ்டம்.

நான் ஹெச்.எம். 64 பிள்ளைங்க. கிராண்ட் வந்தாலே ஊர்ல "எவ்ளோ வந்துச்சு, என்ன பண்ணீங்க"ன்னு திருடனைப் பாக்குற மாதிரி பாக்குறாங்க. மனசு விட்டுப் போச்சு.
- பெயர் வேண்டாம்

புரியுது, நானும் அந்தப் பார்வையெல்லாம் வாங்கினவன்தான். ஆனா ஊர்க்காரங்க பக்கமும் பாருங்க, அவங்களுக்கு யாரும் தொகையே சொன்னதில்ல. மத்திய, மாநில அரசுங்க சேந்து பணம் போடுற சமக்ர சிக்ஷா பள்ளித் திட்டத்துக் கணக்குல 31ல இருந்து 100 பிள்ளைங்க வரைக்கும் இருக்கிற பள்ளிக்கு வருஷ மானியம் 25,000 ரூபா, அதுல 10 சதவீதம் சுத்தம் சுகாதாரத்துக்கு, அதாவது 2,500. மிச்சம் 22,500. இதை ஒரு சார்ட்ல எழுதி, சாக்பீஸ் இவ்ளோ, பினாயில் இவ்ளோ, ஃபேன் ரிப்பேர் இவ்ளோன்னு ரசீதோட வராண்டாவுல ஒட்டுங்க. ஒரு வருஷத்துக்கு ஒரு பள்ளிக்கூடம் இதுலதான் ஓடணும்னு தெரிஞ்சா கேள்வி கேட்டவரே பெயின்ட் டப்பா வாங்கித் தருவார், எனக்கு நடந்திருக்கு. வராத வருஷமும் வரலன்னே எழுதிப் போடுங்க. 2024-25ல மத்திய அரசோட பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்துக்கு ஒப்பந்தம் போடுற தகராறுல, சமக்ர சிக்ஷாவுல தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி மத்தியிலயே நின்னுது, அதுக்கெல்லாம் ஊர்க்காரங்க உங்க சட்டையைப் புடிச்சா எப்படி.

கூட்டம் வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு வைக்கிறாங்க, நாங்கல்லாம் களையெடுக்கப் போயிருப்போம். போனாலும் வாத்தியாருங்க, கவுன்சிலர் சேர்ல, நாங்க பாய்ல. நான்தான் தலைவி!
- வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

நேரத்தை உங்க ஊர் வேலைக்குத் தோதா மாத்திக்கலாமான்னு தீர்மானமா எழுதிக் கேளுங்க, வேலை விட்டு வர்ற நேரத்துக்கு வச்சா ஆள் வரும்னு ஹெச்.எம்.முக்கும் தெரியும். சட்டப்படி கூட்டத்தை நடத்துறது தலைவர், ஹெச்.எம். ஏற்பாட்டாளர். அதனால சேர் விஷயம் ரொம்ப சிம்பிள்: அடுத்த தடவை பத்து நிமிஷம் முன்னாடி போங்க, நடுவுல இருக்கிற சேரை இழுத்துப் போட்டு உக்காருங்க, கூட வர்ற அம்மாக்களுக்கு கிளாஸ் பெஞ்சை எடுத்துப் போடச் சொல்லுங்க. யாராவது முறைச்சா நோட்டைக் கையில எடுத்து, "போன மாசத் தீர்மானம் என்ன ஆச்சுங்க சார்?"னு ஆரம்பிச்சிடுங்க.