பழைய கைக்கருவிகளின் துரு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: தாத்தா பயன்படுத்திய உளிகள் பெட்டிக்குள் துருவேறிக் கிடக்கின்றன. வினிகரில் ஊறவைத்தால் போதுமா?

முதலில் துருவின் தன்மையைப் பாருங்கள். விரலால் தேய்த்தால் செம்பொடியாக ஒட்டிக்கொள்ளும் துரு மேற்பரப்போடு நிற்பது. அதற்கு அமிலமே தேவையில்லை, சில துளி தையல் இயந்திர எண்ணெயும் மிக நுண்ணிய ஸ்டீல் உல்லும் போதும். செதில் செதிலாகப் பெயரும் துருவுக்குத்தான் வினிகர் வேண்டும். மரக் கைப்பிடியைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிட்டு, எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பு நீரால் போக்கியபின், சுமார் 5 சதவீத அசெட்டிக் அமிலம் கொண்ட சாதாரண வினிகரில் இரும்புப் பகுதி முழுவதும் அமிழும்படி வையுங்கள். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், திரவ மட்டம் நின்ற இடத்தில் கோடு போல அரிப்பு விழும். 12 மணி நேரம் கழித்து எடுத்து, பித்தளைப் பிரஷால் தேய்த்துப் பார்த்து, துரு மிச்சமிருந்தால் மட்டும் மறுபடி போடுங்கள். ஒரு நாளுக்கு மேல் மறந்துவிட்டால் அமிலம் நல்ல எஃகையும் தின்னத் தொடங்கி, மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கிவிடும்.

பலரும் கோட்டை விடுவது அடுத்த பத்து நிமிடங்களில்தான். அமிலத்திலிருந்து வெளியே வந்த எஃகு எந்தப் பாதுகாப்பும் இல்லாத வெற்று உலோகம் என்பதால், ஈரத்தோடு மேசையில் வைத்தால் கண்ணெதிரிலேயே ஆரஞ்சு நிறம் படரும். ஆகவே நீரில் அலசி, ஒரு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கரைத்த நீரில் சில நிமிடங்கள் அமிழ்த்தி, மீண்டும் அலசி, துணியால் துடைத்து, முடி உலர்த்தும் கருவியின் சூடான காற்றைக் காட்டி, சூடு ஆறுவதற்குள் எண்ணெய் பூச வேண்டும்.

துரு போனபின் தெரியும் குழிகளை எந்தத் திரவத்தாலும் நிரப்ப முடியாது. அவை உளியின் உடலில் இருந்தால் கவலையில்லை, அப்படியே விட்டுவிடலாம். வெட்டுவாயை ஒட்டிய பின்புறத் தட்டை முகத்தில் இருந்தால், தீட்டத் தீட்ட ஒவ்வொரு குழியும் வாயில் ஒரு பல்லாக வெளிப்படும். அந்தக் குழிகளைத் தாண்டும்வரை வாயைத் தேய்த்துக் குறைப்பது ஒன்றே வழி.

கேள்வி: வினிகருக்குப் பதில் சிட்ரிக் அமிலம் பயன்படுத்தலாமா?

தாராளமாகப் பயன்படுத்தலாம், நான் பெரும்பாலும் அதையே பரிந்துரைப்பேன், ஏனெனில் வீடெல்லாம் வாடை பரவாது. ஒரு லிட்டர் வெந்நீரில் 50 கிராம் போதும். வினிகருக்குச் சொன்ன கட்டுப்பாடுகள் அனைத்தும் இதற்கும் உண்டு. துத்தநாகப் பூச்சுள்ள கருவிகளை மட்டும் இரண்டிலும் போடாதீர்கள். துருவுக்கு முன்பே பூச்சு கரைந்துவிடும்.

கேள்வி: பேட்டரி சார்ஜரை வைத்து மின்பகுப்பு முறையில் துரு நீக்கலாம் என்கிறார்களே, அது பாதுகாப்பானதா?

முறை தெரிந்து செய்தால் இதைவிட மென்மையான வழி குறைவு; நல்ல இரும்பை இது ஏறக்குறைய தொடுவதேயில்லை. பிளாஸ்டிக் வாளி நீரில் நான்கு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் சலவை சோடாவைக் கரைத்து, 12 வோல்ட் சார்ஜரின் எதிர்முனையைக் கருவியிலும், நேர்முனையை வேண்டாத சாதாரண இரும்புத் துண்டிலும் இணைத்து, இரண்டும் ஒன்றையொன்று தொடாதபடி நிறுத்த வேண்டும். முனைகளை மாற்றிக் கொடுத்தால் கரைவது உங்கள் கருவியாகத்தான் இருக்கும். சரியாக இணைத்திருந்தால் கருவியிலிருந்து பொடிக் குமிழிகள் எழும். சில மணி நேரத்தில் செந்துரு கறுத்து இளகி, பிரஷ் பட்டதும் சேறாக வழியும்.

சில எச்சரிக்கைகள் உண்டு. எழும் குமிழிகள் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் ஆதலால், திறந்த வெளியில், தீப்பொறி எதுவும் நெருங்காத இடத்தில் செய்ய வேண்டும். சார்ஜரை அணைத்தபிறகே கம்பிகளைத் தொட வேண்டும். நேர்முனையில் துருப்பிடிக்காத எஃகைக் கட்டவே கூடாது, அதிலுள்ள குரோமியம் நச்சுச் சேர்மமாக நீரில் கலக்கும். சலவை சோடா கிடைக்கவில்லையென்று சமையல் உப்பைப் போட்டால் குளோரின் வாயு கிளம்பும். இன்றைய தானியங்கிச் சார்ஜர்கள் சில, பேட்டரி இணைக்கப்படாவிட்டால் மின்சாரமே தருவதில்லை என்பதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கழிப்பறை சுத்தம் செய்யும் அமிலம் ஐந்து நிமிடத்தில் துருவைப் போக்குகிறது. அதையே பயன்படுத்தினால் என்ன?

வேண்டாம். இவற்றில் பெரும்பாலும் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதன் ஆவி, அதே அறையில் சும்மா இருக்கும் மற்றக் கருவிகளையும் துருப்பிடிக்க வைக்கும். இடுக்குகளில் தங்கும் குளோரைடு எவ்வளவு அலசினாலும் முழுதாகப் போகாமல் பிற்பாடு துருவை மீண்டும் கிளப்பும். பிளீச்சிங் கரைசலோடு தவறிக் கலந்தால் வரும் ஆபத்து தனி.

கேள்வி: கிரைண்டரில் கம்பிச் சக்கரம் மாட்டித் தேய்க்கலாமா?

பட்டறை வைஸ், சுத்தியல் தலை போன்றவற்றில் தேய்க்கலாம். உளி, இழைப்புளித் தகடு ஆகியவற்றின் வெட்டுவாய் அருகே கொண்டுபோகாதீர்கள். எஃகு சூடாகும்போது முதலில் வைக்கோல் மஞ்சளும், பிறகு பழுப்பும், ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது நீலமும் தோன்றும். கார்பன் எஃகு உளியில் நீலம் தெரிந்துவிட்டால் அந்த இடத்தின் பதம் இறங்கிவிட்டது, இனி அங்கே கூர் நிற்காது. சக்கரத்திலிருந்து கம்பிகள் தெறிப்பது வழக்கம் என்பதால் கண்ணாடி அணியாமல் எதையும் தொடாதீர்கள். பழைய வைஸ்களின் பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும். அதை உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்ப வேண்டாம்.

கேள்வி: கைரம்பத்தின் தகட்டில் தயாரிப்பாளரின் முத்திரை மங்கலாகத் தெரிகிறது. அதை இழக்காமல் துருவை எடுக்க முடியுமா?

முடியும், ஆனால் அமில ஊறலைத் தவிர்க்க வேண்டும். ரம்பங்களின் முத்திரை பெரும்பாலும் அமிலத்தால் மிக ஆழமின்றிப் பொறிக்கப்பட்டது. இன்னொரு அமிலக் குளியல் அதை அழித்துவிடும். தட்டையான மரக்கட்டையில் நுண்ணிய உப்புத்தாளைச் சுற்றி, எண்ணெய் விட்டு, தகட்டின் நீளவாக்கில் மட்டும் தேயுங்கள். விரலால் தாளை அழுத்தினால் அது பள்ளத்துக்குள்ளும் இறங்கி எழுத்துகளின் கருமையைத் துடைத்துவிடும். கட்டை மேட்டை மட்டுமே தொடும்.

கேள்வி: குறடு அசையவே மறுக்கிறது.

ஊடுருவும் எண்ணெயை மூட்டில் விட்டு ஓர் இரவு வைத்திருந்து, வைஸில் பிடித்து மெல்ல முன்னும் பின்னும் அசையுங்கள். மூட்டிலிருந்து வழியும் எண்ணெய் செம்பழுப்பாக வரும்வரை உள்ளே துரு இருக்கிறது என்று பொருள். தெளிவாக வரும்வரை விட்டுத் துடைத்துக்கொண்டே இருங்கள். சுத்தியலால் ஓங்கி அடித்தால் வார்ப்பிரும்புப் பாகங்கள் விண்டுவிடும்.

கேள்வி: சுத்தம் செய்தபின் என்ன பூசுவது? கைப்பிடிக்கு ஆளிவிதை எண்ணெய் போடலாமா?

உலோகத்துக்குத் தையல் இயந்திர எண்ணெயோ, நெடுநாள் வைப்பதானால் மெழுகுப் பூச்சோ போதும். சமையல் எண்ணெய் நாளடைவில் காறிப் பிசினாகிவிடும். தோலுறையில் வைத்துப் பூட்டாதீர்கள், தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். கைப்பிடிக்கு ஆளிவிதை எண்ணெய் மிகவும் ஏற்றது. ஆனால் அதைத் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், எண்ணெய் உலரும்போது வெளிவரும் வெப்பம் உள்ளேயே தேங்கித் தானாகத் தீப்பிடிக்கலாம். துணியை வெளியில் விரித்து நன்கு உலரவிட்டோ, நீரில் நனைத்து மூடியுள்ள தகர டப்பாவில் போட்டோதான் அப்புறப்படுத்த வேண்டும்.