பதில்: அப்பாவின் படத்தில் இருப்பது ஆல்பர்ட் ஹால்தானா?

வணக்கம். அப்பா லண்டனில் படித்தபோது எடுத்த படத்தில், இப்போது கூரையிலிருந்து தொங்கும் வட்டத் தட்டுகள் இல்லை, அதனால் வேறு அரங்கமோ என்று கேட்டிருந்தீர்கள். கவலை வேண்டாம், அதே ராயல் ஆல்பர்ட் ஹாலாகவே இருக்கலாம். அந்தத் தட்டுகள் 1969இல்தான் வந்தன.

1871 மார்ச் 29 அன்று திறந்தபோதே அங்கே எதிரொலித் தொல்லை. முட்டை வடிவ அரங்கு, மேலே பெரிய கண்ணாடிக் குவிமாடம். மேடையில் எழும் ஒலி மேலே போய் மோதிவிட்டு, சற்றுத் தாமதமாக இரண்டாம் முறை காதில் விழும். பாடுகிறவருக்கு எவ்வளவு சங்கடம்! முதலில் குவிமாடத்துக்குக் கீழே பெரிய துணி விதானம் கட்டிப் பார்த்தார்கள். 1949இல் அதை எடுத்துவிட்டு அலுமினியத் தகடுகள் பொருத்தினார்கள். அதுவும் போதவில்லை. அப்புறம்தான் ஒலியைச் சிதறடிக்கும் இந்த ஃபைபர் கிளாஸ் தட்டுகள். அங்கே அவற்றுக்குக் காளான் என்றே பெயர்.

சரி, படத்தைப் பெரிதாக்கிக் குவிமாடத்தின் உட்புறத்தைப் பாருங்கள். துணி தொங்கினால் 1949க்கு முந்தையது. வரிவரியாக உலோகத் தகடு தெரிந்து, தட்டுகள் இல்லையென்றால் 1949க்கும் 1969க்கும் இடைப்பட்டது. அப்பா அங்கே படித்த ஆண்டுகளோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். படத்தைப் பத்திரமாக ஸ்கேன் செய்து வையுங்கள்.