இரண்டு பஞ்சாங்கம், ஓர் இளவரசி

இம்மாதம் வந்த கடிதங்களில் பாதி அரண்மனையைச் சுற்றியே வருகின்றன. பரீட்சை முடிந்த காலம். பிள்ளைகளின் கையில் பேனையும் நேரமும் இருக்கின்றன போலும். நாவல் எழுதும் பிள்ளைக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். மற்றவர்கள் கோபிக்க வேண்டாம்.

கேள்வி: ரீச்சர், சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு ஒரு கற்பனை நாவல் தொடங்கியிருக்கிறேன். தீவு நாட்டு இளவரசிக்கும் எதிரி நாட்டுத் தளபதியின் மகனுக்கும் காதல். அவர்கள் சேர்ந்தால் நாடு அழியும் என்று ஒரு முனிவரின் சாபம். அரியணைக்காக இளவரசியின் சித்தப்பா சதி செய்கிறார். நாற்பது பக்கத்தோடு கதை நின்றுவிட்டது. எங்கே பிழை? (வாசகி, கொக்குவில்)

பதில்: நீர் அனுப்பிய முதல் அத்தியாயத்தை இரண்டு தடவை வாசித்தேன். சமையற்கட்டில் நெல்மூட்டைக்குப் பின்னால் இளவரசி ஒளித்திருந்து கேட்கும் இடம் நன்றாக வந்திருக்கிறது. ஆனால் உமது சித்தப்பாவுக்கும் உமது சாபத்துக்கும் அறிமுகமே இல்லை. அவர் ஒரு பக்கம் நஞ்சு அரைக்கிறார். சாபம் மறுபக்கம் தன்பாட்டில் தூங்குகிறது. ஒன்றை எடுத்துவிட்டால் மற்றதற்கு ஒரு குறையும் வராது. இரண்டு கதைகளை ஒரே கொப்பியில் எழுதியிருக்கிறீர்.

முனிவரை அனுப்பிவிடும். யாழ்ப்பாணத்தில் காதலரைப் பிரிக்கச் சாபம் எதற்கு, சாத்திரியார் இருக்கும்போது?

எனக்குப் பத்து வயதிருக்கும். எங்கள் சின்னம்மாவுக்குக் கலியாணம் பேசினார்கள். மாப்பிள்ளை மூல நட்சத்திரம். சின்னம்மா பிறந்ததோ அசுவினி முடிந்து பரணி தொடங்கும் நேரம். எங்கள் வீட்டில் பழைய வாக்கியங்களைக் கொண்டு கணிக்கும் வாக்கிய பஞ்சாங்கம்; அதன்படி அவர் பரணி, கலியாணப் பொருத்தங்களில் முக்கியமான ரச்சுப் பொருத்தம் உண்டு. அவர்கள் வீட்டில் திருத்திய கணக்கில் வரும் திருக்கணித பஞ்சாங்கம். அதன்படி இன்னும் சில நாழிகை அசுவினி. அசுவினியும் மூலமும் ஒரே ரச்சு, பாத ரச்சு. இருவருக்கும் ஒரே ரச்சு கூடாது. சேர்ந்தால் அலைச்சலும் வழிப்பயணத் துன்பமும் என்று சொல்வார்கள். இரண்டு சாத்திரியார்களும் எங்கள் விறாந்தையில் இருந்து தர்க்கித்ததை, தேநீர்த் தட்டோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். தேநீர் ஆறியது. கலியாணமும் ஆறிப்போனது.

பல வருடம் கழித்துத்தான் அம்மா சொன்னார். அந்த வாரமே மாப்பிள்ளை வீட்டார் கூடிய சீதனத்தோடு வேறு இடம் பார்த்துவைத்திருந்தார்களாம். நட்சத்திரம் பாவம், அதன்மேல் பழியைப் போட்டார்கள்.

இதைத்தான் நான் அரண்மனைச் சதி என்பேன். திரைச்சீலைக்குப் பின்னால் குசுகுசுப்பதும் நள்ளிரவில் கத்தியோடு வருவதும் யாருக்கும் வரும். எல்லோரும் பார்க்க, சாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, முகத்தில் கவலையும் காட்டிக்கொண்டு ஒருவர் காரியத்தை முடித்தால் அது சதி.

உமது சித்தப்பாவிடமிருந்து நஞ்சைப் பறித்துவிட்டுப் பஞ்சாங்கத்தைக் கொடுத்துப் பாரும். அரசவையில் இரண்டு கணிதர்கள், இரண்டு கணக்கு. எந்தக் கணக்கை அரசர் ஏற்கிறாரோ, அதன்படிதான் திருவிழா, படையெடுப்பு, முடிசூட்டு எல்லாம். ஒரு கணக்கில் இளவரசி பரணி, மறு கணக்கில் அசுவினி. பையன் மூலம். 'ஆண் மூலம் அரசாளும்' என்று நம் ஆட்கள் சொல்வது தெரியும்தானே? சித்தப்பாவின் பயம் அதுதான். எதிரியின் மகன் மருமகனாக வந்தால் அரியணை யாருக்கு? எனவே அவர் இளவரசியைத் தொடவே வேண்டியதில்லை. அவள் பிறந்த நேரத்தைச் சில நாழிகை நகர்த்தினால் போதும். அந்த இரவில் நேரம் அளக்கும் நாழிகை வட்டிலைப் பார்த்திருந்த மருத்துவிச்சி இன்னும் உயிரோடு இருக்கிறாளா என்று அரண்மனையில் ஒவ்வொருவரும் தேடத் தொடங்குவார்கள். நாற்பது பக்கத்தில் நின்ற கதை அங்கே நடக்கும். பாத ரச்சுக்குச் சொன்ன அலைச்சலையும் மறந்துவிடாதீர். இருவரும் ஊரைவிட்டு ஓடினால் பொய்க் கணக்கே பலித்துவிடுகிறது.

இன்னொன்று. பிழை முழுவதும் சித்தப்பாவுடையதாக இருக்கக் கூடாது. கம்பரின் மகன் அம்பிகாபதி கதையைப் பாரும். வரலாறல்ல, வழிவழிக் கதைதான். சோழனின் மகள் அமராவதியை அவன் காதலிக்கிறான்; சிற்றின்பம் கலக்காமல் நூறு பாடல் பாடினால் உயிர் பிழைக்கலாம் என்று சோழன் நிபந்தனை வைக்கிறான். எண்ணிக்கொண்டிருந்த அமராவதி கடவுள் வாழ்த்தையும் சேர்த்து எண்ணிவிட்டு, நூறு முடிந்தது என்று எட்டிப் பார்க்கிறாள். தொண்ணூற்றொன்பதுதான் ஆகியிருந்தது. அவளைக் கண்டவன் வாயில் காதல் பாட்டு வந்துவிடுகிறது. சோழன் கொடியவன்தான், ஆனால் நம் நெஞ்சு அடைப்பது அவனால் அல்ல, அந்த ஒரு பாட்டால். உமது இளவரசியும் எதையாவது ஆசையில் பிழையாக எண்ணட்டும்.

கேள்வி: அரண்மனைக் கதை எழுத யாழ்ப்பாணத்தில் என்ன மிச்சம்? மந்திரிமனையின் சுவரும் சங்கிலியன் தோப்பு வளைவும்தானே? (வாசகர், சாவகச்சேரி)

பதில்: 'ப' வடிவ யமுனா ஏரியை விட்டுவிட்டீர்கள்!

கல்லைத் தேடினால் குறைவுதான். சொல்லைத் தேடுங்கள். 1344இல் இலங்கைக்கு வந்த பயணி இபின் பதூதா, யாழ்ப்பாண மன்னர் ஆரியச்சக்கரவர்த்தியைப் புத்தளத்தில் சந்தித்தார். மன்னருக்குப் பாரசீக மொழி விளங்கியதாம். முன்னால் முத்துகள். உள்ளங்கை அளவான மாணிக்கக் கிண்ணம் ஒன்றில் அகில் எண்ணெய் இருந்ததென்றும் எழுதிவைத்திருக்கிறார். அந்தக் கிண்ணத்தை இரவில் கழுவி வைப்பவர் யார்? நான் எழுதினால் அவரிடமிருந்துதான் தொடங்குவேன். வன்னியில் பிடித்த யானைகளை ஆனையிறவு வழியே கொண்டுவந்து கப்பலேற்றிய நாடு இது. யானைக் கணக்கு எழுதுபவருக்குத் தெரியாத இரகசியம் எந்த அரண்மனையில் இருந்திருக்கும்?

சதிக்கும் குறைவில்லை. ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலை, யாழ்ப்பாண மன்னன் சங்கிலி அரியணைக்காக ஒரு சகோதரனுக்கு நஞ்சூட்டினான், இன்னொருவனை வெட்டினான் என்கிறது. எல்லாவற்றையும் வரலாறாகக் கொள்ள முடியாது. கதை எழுதுபவருக்கு அது வசதி.

கேள்வி: மகள் எந்த நேரமும் மந்திரமும் மிருக முகமும் உள்ள நாவல்களையே வாசிக்கிறாள். இப்படியான பொய்க் கதைகளால் படிப்புக் கெடாதா? (தாய், மானிப்பாய்)

பதில்: அம்மா, கீரிமலையில் தீர்த்தமாடியிருப்பீர்கள். குதிரை முகத்தோடு வந்த சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி அங்கே நீராடி முகம் மாறினாள் என்றும், மா, அதாவது குதிரை முகம், விட்டதால்தான் பக்கத்து ஊர் மாவிட்டபுரம் ஆயிற்று என்றும் உங்களுக்கு யார் சொன்னார்கள்? அவளை மணந்த உக்கிரசிங்கனுக்குச் சிங்க முகம். கீரிமலைக்குப் பெயர் தந்த நகுல முனிவருக்குக் கீரி முகம். இதைக் கேட்டு வளர்ந்த நீங்கள் கெட்டுப்போகவில்லையே. இரவு பதினொரு மணிக்குமேல் விளக்கை அணைக்கச் சொல்லுங்கள், அது போதும்.

கேள்வி: சித்திரை வருடம் பிறக்கும் நேரம் வாக்கியத்தில் ஒன்று, திருக்கணிதத்தில் ஒன்று. உங்கள் வீட்டில் எது? (வாசகர், உரும்பிராய்)

பதில்: இரண்டும் சுவரில் தொங்குகின்றன. தலையில் வைத்துக் குளிக்கும் மருத்துநீர் முந்திய நேரத்துக்கு, பலகாரம் பிந்திய நேரத்துக்கு. சின்னம்மா இருந்தவரை திருக்கணிதத்தைக் கண்ணெடுத்தும் பார்க்கமாட்டார்.