தியாகம் என்று எழுதாதீர்கள்

கேள்வி: 1944இல் எங்கள் சீனக்குடாவில் வந்து இறங்கிய பி-29 ரக குண்டுவீச்சு விமானம், அதற்கு முந்தின வருடம் அமெரிக்காவில் சோதனை ஓட்டத்திலேயே தீப்பிடித்து விழுந்ததாமே? விமானி எடி ஆலன் பாராசூட்டில் குதிக்காமல் உயிர்த்தியாகம் செய்தது ஏன்?
– ஒரு வாசகர், திருகோணமலை

பதில்: குதிக்க நேரம் இல்லை, உயரமும் இல்லை. 1943 பிப்ரவரி 18, சியாட்டில். இடப்பக்கக் கடைசி எஞ்சின் தீப்பிடித்தது, அதை நிறுத்தி, தீயும் அணைந்துவிட்டது என்று நம்பி போயிங் ஓடுதளத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தார் ஆலன். இறங்கச் சில நிமிடங்களே இருக்கும்போது சிறகுக்குள் வெடித்தது. விமானம் அப்போது நகரத்துக்கு மேலே தாழப் பறந்துகொண்டிருந்தது. சிலர் குதித்தும் பார்த்தார்கள், பாராசூட் விரியவில்லை. விமானத்தில் இருந்த 11 பேரும் போனார்கள்.

சரி, இனி உங்கள் ‘உயிர்த்தியாகம்’. இந்தச் சொல்லோடு வரும் கடிதம் எதையும் நான் சும்மா விட்டதில்லை என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். அந்த விமானம் போய் விழுந்தது ஃபிரை இறைச்சி ஆலை மீது. மதியம், ஆள்கள் வேலையில் இருந்த நேரம். ஆலைக்குள் சுமார் 20 பேர் இறந்தார்கள், தீயணைக்க வந்த ஒருவரும் இறந்தார். தலைக்கு மேல் அப்போது சோதிக்கப்பட்டுக்கொண்டிருந்தது ஒரு ரகசிய விமானம். ஆலனைத் தியாகி ஆக்கும் கட்டுரைகளில் இவர்கள் ‘தரையில் இருந்தோர்’ என்று அரை வரியில் முடிந்துபோகிறார்கள். எனக்கு அதில்தான் கோபம்.

ஆலன் பெரிய விமானி, அதில் சந்தேகமே இல்லை. இதே விமானம் 1942 டிசம்பர் 30 அன்று முதல்முறை பறந்தபோதும் எஞ்சின் தீப்பிடித்து, அதைப் பத்திரமாகக் கொண்டுவந்து இறக்கியவர் அவர்தான். அதாவது நோய் என்னவென்று எல்லோருக்கும் ஏற்கெனவே தெரியும். சிறகில் எரிபொருள் நிரப்பும் வாய்ப்பக்கம் கசிந்த பெட்ரோல் முன்விளிம்புக்குள் ஓடித் தேங்கியது. பக்கத்திலேயே ரைட் நிறுவனத்தின் ஆர்-3350 எஞ்சின், அளவுக்கு மீறிச் சூடாவதில் பெயர் வாங்கியது, அதன் உறையில் மெக்னீசியம் கலந்த உலோகம் வேறு. மெக்னீசியம் பிடித்துக்கொண்டால் லேசில் அணையாது. இதையெல்லாம் சரிசெய்ய அவகாசம் கொடுத்தார்களா என்றால், பி-29 ரகத்தின் முதல் விமானம் தரையை விட்டு எழும்புவதற்கு முன்பே 1,600க்கும் மேல் ஆர்டர் போட்டிருந்தது ராணுவம்! விபத்துக்குப் பிறகு செனட்டர் ஹாரி ட்ரூமனின் குழு விசாரித்தது. எஞ்சினின் தரம் மோசம் என்று ரைட் நிறுவனத்தைக் குற்றம் சொன்னது, சீக்கிரம் கொடு என்று நெருக்கிய ராணுவ விமானப்படையையும் விடவில்லை. (இதே ட்ரூமன் ஜனாதிபதியாக இருந்தபோதுதான் இதே ரக விமானம் ஹிரோஷிமாவுக்குப் போனது, அது தனிக் கதை.) தியாகம் என்று சொல்லி மாலை போட்டிருந்தால் இந்த விசாரணையே நடந்திருக்காது. தியாகத்தில் குற்றவாளி கிடையாதே.

விசாரித்தும் அவசரம் குறையவில்லை. 1944 ஏப்ரலில் இந்தியாவுக்கு வரும் வழியில், கராச்சிப் பக்கம், ஒரே வாரத்தில் 5 பி-29கள் விழுந்தன. காரணம் அதே எஞ்சின் சூடு. அப்புறம்தான் மற்றவற்றைப் பறக்கவிடாமல் நிறுத்திவைத்தார்கள்.

உங்கள் ஊர்க் கதைக்கு வருகிறேன். 1944 ஆகஸ்ட் 10 அன்று சீனக்குடாவிலிருந்து 50க்கும் மேற்பட்ட பி-29கள் கிளம்பின, அவற்றில் பல, அப்போது ஜப்பான் பிடியில் இருந்த சுமத்ராவின் பாலெம்பாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையைத் தாக்கின. போக வர சுமார் 6,000 கிலோமீட்டர், பெரும்பகுதி கடல்மேல். ஆலைக்குச் சேதம் அதிகமில்லை. சீனக்குடா என்றாலே அங்குள்ள பிரிட்டிஷ் காலத்து எண்ணெய்த் தாங்கிகளை யாருக்குக் கொடுப்பது என்ற சண்டையோடு நிறுத்திக்கொள்ளும் கட்டுரையாளர்களோடு எனக்கு நெடுநாள் வழக்கு உண்டு. அந்த ஓடுதளத்தை நீட்டிப் போட்டவர்கள், அந்த ராட்சத விமானங்களுக்குப் பெட்ரோல் ஏற்றியவர்கள், அன்று எழுந்த சத்தத்தைக் கேட்டவர்கள் பற்றித் தமிழில் நான் தேடியவரை அநேகமாக ஒன்றுமே இல்லை. உங்கள் வீட்டிலோ தெருவிலோ பெரியவர்கள் சொல்லி ஏதாவது கேட்டிருந்தால் எழுதி அனுப்புங்கள். இரண்டு பக்கம் ஆனாலும் முழுசாகப் போடுகிறேன்.