விளம்பரத்தில் 1930, கத்தியில் ஐந்து இலக்க எண்

கேள்வி: ஜெர்மனியின் டோர்ட்முண்ட் நகரில் வசிக்கிறேன். நெடுநாளாக ஜெர்மன் வேட்டை மடக்குக் கத்திகளைச் சேகரித்து வருகிறேன். ஓய்வுபெற்ற ஒருவரின் இணைய விளம்பரத்தைப் பார்த்து, ரம்பமும் தக்கைத் திருகியும் உள்ள பூமா கத்தி ஒன்றை 620 யூரோவுக்கு வாங்கினேன். ‘போருக்கு முந்தையது, 1930கள்’ என்று எழுதியிருந்தார். கத்தி வந்து சேர்ந்த பிறகுதான் கைப்பிடியின் உலோக முனையில் ஐந்து இலக்க எண்ணைக் கவனித்தேன். பூமா நிறுவனம் அந்த எண்ணைப் பொறிக்கத் தொடங்கியதே 1964இல்தான். இந்த வகைக் கத்திக்கு 250 யூரோ கூடத் தேறாது. கேட்டால், ‘தனியார் விற்பனை, பொறுப்பேற்க மாட்டேன், கைப்பிடி இந்தியக் கடமான் கொம்பு, அதுவே பழமைக்குச் சான்று’ என்கிறார். தொலைபேசியில் அவமதித்தும் பேசினார். மோசடி வழக்குப் போடலாமா?

பதில்: உங்கள் நீண்ட கடிதத்தில் எனக்குத் தேவைப்பட்டது விளம்பரத்தின் அந்த ஒரு வரிதான். அவமதிப்பை விடுங்கள், யார் குரலை உயர்த்தினார் என்று எந்த நீதிபதியும் கேட்கப்போவதில்லை. கொம்பையும் விடுங்கள். மான்கொம்பு ஏற்றுமதிக்கு இந்தியா தடை போட்டது 1998இல். அதுவரை ஜெர்மனியின் கத்தித் தொழில் நகரமான ஸோலிங்கனின் பட்டறைகளுக்குக் கடமான் கொம்பு வந்துகொண்டுதான் இருந்தது. அதை வைத்துப் போருக்கு முன்னா, பின்னா என்று சொல்ல முடியாது.

‘போருக்கு முந்தையது, 1930கள்’ என்ற வரிக்கு முன்னால் ‘தாத்தா சொன்னபடி’ என்ற சொல் இல்லை. இருந்திருந்தால் உங்களுக்கு வழக்கே இருந்திருக்காது. முந்தைய உரிமையாளர் சொன்னதாக எழுதுவது வெறும் தகவல், ஒப்பந்தத்தின் பகுதி அல்ல என்று கார்ல்ஸ்ரூவில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம் 2008இல் ஒரு பழைய கார் வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. இவரோ அடித்துச் சொல்லியிருக்கிறார். ஆகவே அது இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பொருளின் தன்மை, ஒப்பந்தத்தின் பகுதி. ‘பொறுப்பேற்க மாட்டேன்’ என்ற பொதுவான வாசகம் அதைத் தொடாது. அதே நீதிமன்றத்தின் 2006ஆம் ஆண்டுத் தீர்ப்பு இருக்கிறது: மோட்டார் சைக்கிள் ஓடிய தூரத்தைக் கிலோமீட்டரில் விளம்பரம் செய்திருந்தார்கள், மீட்டர் காட்டியது மைல். விற்றவர் தனிநபர், பொறுப்பு விலக்கும் எழுதியிருந்தார். ஒப்புக்கொண்ட தூரத்துக்கு அந்த விலக்கு செல்லாது என்றது நீதிமன்றம்.

இதுவரை உங்கள் கை ஓங்கியிருக்கிறது. ஆனால் நீங்கள் அனுப்பிய விளம்பரத்தின் மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த எண் அதில் தெளிவாகத் தெரிகிறது.

ஜெர்மன் குடிமைச் சட்டத்தின் 442ஆம் பிரிவைப் படியுங்கள். குறையைத் தெரிந்தே வாங்கியவருக்கு உரிமை இல்லை. கடும் கவனக்குறைவால் தெரியாமல் போனவருக்கும், விற்றவர் வஞ்சகமாக மறைத்தார் அல்லது உத்தரவாதம் தந்தார் என்றால்தான் உரிமை உண்டு. விவரமறியாத ஒருவருக்கு அது ஏதோ ஓர் எண். உங்களுக்கு? விற்றவருக்கு அனுப்ப நீங்கள் எழுதி வைத்திருக்கும் கடிதம், ‘பூமா எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் ஆண்டைச் சொல்லிவிடுவேன்’ என்று தொடங்குகிறது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்வார். சேகரிப்பாளர்கள் பலர் இதே இடத்தில்தான் சறுக்கினார்கள். ஏமாந்தோம் என்று சொல்வதற்கு முன்னால் தாங்கள் எவ்வளவு பெரிய நிபுணர் என்று சொல்லாமல் அவர்களால் இருக்க முடிவதில்லை. விளம்பரத்தை நம்பியவர் ஒவ்வொரு படத்தையும் ஆராய வேண்டிய கடமை இல்லை என்று எதிர்த்து வாதாட இடமுண்டு. ஆனால் அந்த வாதத்தை உங்கள் கடிதமே கெடுத்துவிடும். அனுப்பாதீர்கள்.

மோசடி வழக்கு வேண்டாம். அலமாரியைக் காலி செய்யும் ஒரு முதியவருக்கு உண்மையான ஆண்டு தெரிந்திருந்தது என்று எப்படி நிரூபிப்பீர்கள்? ‘பணம் தராவிட்டால் போலீஸ்’ என்று எழுதினால் சிக்கல் உங்கள் பக்கம் திரும்பலாம்.

உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போனால், அவர் ஆண்டை மறுத்த உடனே நிபுணர் அறிக்கை கேட்பார்கள். அதற்கான முன்பணத்தைக் கட்ட வேண்டியவர் நீங்கள்; அந்தச் செலவே கத்தியின் விலையைத் தாண்டிவிடலாம். ஆகவே சமரசம் செய்துகொள்ளுங்கள். ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக நான்கு வரியில் எழுதுங்கள். சரிசெய்ய அவகாசம் தரவேண்டியதில்லை, ஏனென்றால் 1964க்குப் பிந்தைய கத்தியை யாராலும் 1930க்குக் கொண்டுபோக முடியாது. அதே கடிதத்தில், 300 யூரோவைத் திருப்பித் தந்தால் கத்தியை வைத்துக்கொள்வதாகவும் சொல்லுங்கள். வித்தியாசம் 370 என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்காமல் 250க்கு இறங்கினாலும் வாங்கிக்கொள்ளுங்கள். பணம் வங்கிக்கு வரும்வரை ‘இனிக் கோரிக்கை இல்லை’ என்று கையெழுத்துப் போட வேண்டாம். அதுவரை கத்தியைத் தீட்டவோ மெருகேற்றவோ கூடாது.

அவர் கத்தியையே திருப்பிக் கேட்டால் பார்சலில் அனுப்புங்கள். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஐசிஇ அதிவேக ரயிலில் ஏறிவிடாதீர்கள்; நெடுந்தூர ரயில்களில் கத்தி வைத்திருப்பதற்கு 2024 அக்டோபர் இறுதியில் தடை வந்துவிட்டது.