தேர்தல் நேரத்துத் துப்பாக்கி

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

அமெரிக்கப் பள்ளிக்கூடத் துப்பாக்கிச் சூடுகளைப் பற்றி எழுதும்போது "துப்பாக்கி வைத்திருப்பதெல்லாம் ஒரு சுதந்திரமா?" என்று ஒரே வரியில் தள்ளிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அது ஒப்பவில்லை.

நான் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறேன். கடற்கொள்ளையர் நடமாடும் ஏடன் வளைகுடாவைத் தாண்டும்போது ஆயுதக் காவலர்கள் ஏறினால்தான் எங்களுக்குத் தூக்கம் வரும். ஊரில் என் தம்பி விசைப்படகில் போகிறான். 2017ல் தங்கச்சிமடத்துப் பையன் ஒருவன் கடலில் குண்டடிபட்டுச் செத்தது உங்களுக்கே தெரியும். எதிரே இருப்பவன் கையில் துப்பாக்கி, நம் கையில் வலை. இது என்ன நியாயம்?

மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட கையோடு வெள்ளைக்காரன் செய்த வேலை நம் ஆயுதங்களைப் பிடுங்கியதுதான். காந்தியே வெள்ளைக்காரனின் ஆயுதச் சட்டத்தைக் கண்டித்திருக்கிறார். அமெரிக்கன் தன் உரிமையை அரசியல் சட்டத்தில் எழுதி வைத்துக்கொண்டான், நாம் கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனுவோடு நிற்கிறோம். கெட்டவன் எப்படியும் அரிவாள் எடுப்பான். அரிவாளையும் தடை செய்வீர்களா?

பெயர் போட வேண்டாம்.
பாம்பன்

அன்புள்ள தம்பி,

அந்த ஒரு வரி அவசரத்தில் எழுதியது. நீங்கள் கேட்டது சரிதான், அதற்குக் கொஞ்சம் விளக்கமாகவே பதில் சொல்ல வேண்டும்.

முதலில் வரலாறு. அதில் நீங்கள் சொன்னது பெரும்பாலும் உண்மை. 1801 அக்டோபரில் திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டார்கள். டிசம்பரில் சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் பாளையக்காரர்களின் கோட்டைகளையும் ஆயுதங்களையும் ஒழிக்கும் அறிவிப்பை வெளியிட்டார். எறிந்து தாக்கும் நம் பக்கத்து வளரி காட்சிப் பொருளாகிப்போனது அதற்குப் பிறகுதான். 1878ல் வைஸ்ராய் லிட்டன் காலத்து ஆயுதச் சட்டம் இன்னும் மோசம். ஐரோப்பியருக்கு அதில் விலக்கு உண்டு, இந்தியன்தான் உரிமம் வாங்க வேண்டும். தோல் நிறத்தைப் பார்த்துப் போட்ட சட்டம் அது. பிரிட்டிஷ் ஆட்சியின் கேடுகளிலேயே மிகக் கரியதாக வரலாறு அதைச் சொல்லும் என்று காந்தி எழுதியதும் மெய்தான். ஆனால் எங்கே எழுதினார் தெரியுமா? 1918ல், குஜராத்தின் கேடா மாவட்டத்து ஆட்களை ராணுவத்தில் சேரச் சொல்லி வெளியிட்ட துண்டறிக்கையில். ஆயுதப் பயிற்சி வேண்டுமா, பட்டாளத்தில் சேருங்கள் என்கிற வாதத்துக்காக. அகிம்சையைப் பேசியவர் பட்டாளத்துக்கு ஆள் பிடித்த அந்தக் கதை தனிக் கட்டுரைக்கு உரியது, இங்கே வேண்டாம்.

உங்கள் பக்கத்துக்கு இன்னும் இரண்டு சான்றுகளை நானே தருகிறேன். 1931ல் கராச்சி காங்கிரஸ் நிறைவேற்றிய அடிப்படை உரிமைகள் தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமை இருந்தது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினர் எச்.வி. காமத் அதைச் சேர்க்கச் சொல்லித் திருத்தம் கொண்டுவந்தார். சபை ஏற்கவில்லை. நமக்குக் கிடைத்தது ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமை. ஆக, வெள்ளைக்காரன் பிடுங்கினான் என்பதோடு கதை முடியவில்லை. சுதந்திரம் வந்த பிறகு நம்மவர்களே உட்கார்ந்து பேசி, வேண்டாம் என்றும் முடிவு செய்தார்கள். பிரிவினைக் கலவரங்களின் ரத்தம் காயாத நேரம் அது.

அமெரிக்காவில் அந்த உரிமை 1791லிருந்தே அரசியல் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அது குடிமக்கள் படையோடு தொடர்பில்லாத தனிமனிதனுக்கும் உள்ள உரிமை என்று அவர்களுடைய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2008ல்தான், அதுவும் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில். அப்போதும் வரம்பில்லாத உரிமை என்று சொல்லவில்லை. வீட்டில் உள்ளவர்களைத் தாக்கக்கூடியவர் என்று நீதிமன்றத் தடையுத்தரவுக்கு உள்ளானவரிடமிருந்து துப்பாக்கியை விலக்கி வைக்கலாம் என்று 2024ல் அதே நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்று சொன்னது. நீங்கள் நினைக்கிற அளவுக்கு அவர்களும் கட்டவிழ்த்து விடவில்லை.

சரி, இப்போது அரிவாளுக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது அந்தக் கேள்விதான்.

எங்கள் ஊர் திருப்பாலைக்குடிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடைப்பட்ட கரையில் இருக்கிறது. பெரியப்பா வீட்டில் உரிமம் பெற்ற இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று உண்டு. காட்டுப்பன்றி விரட்ட என்று வாங்கியது. அது பன்றியைச் சுட்டு நான் பார்த்ததில்லை. பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்து எண்ணெய் போட்டுத் துடைப்பார், போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். அதுதான் அதன் வேலை. உரிமம் என்பது அன்றைக்கு அந்தஸ்து. எங்கள் ஊர்க் குடிசை ஒன்றிலிருந்தாவது யாராவது துப்பாக்கிக்கு மனுப் போட்டு வாங்கினார் என்று நான் கேள்விப்பட்டதில்லை.

1996 சித்திரை. சட்டமன்றத் தேர்தல் நேரம். தேர்தல் வந்தால் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும், தெரியுமல்லவா? பெரியப்பா முனகிக்கொண்டே கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்கி வந்திருந்தார். அந்த வாரம் கண்மாய் மீன் ஏலம். தண்ணீர் வற்றி, கெளுத்தியும் விராலும் சேற்றில் புரளும் சமயம். ஏலத்தில் தகராறு முற்றி, பெரியப்பாவின் சட்டையை ஒருவர் எல்லார் முன்னாலும் பிடித்துவிட்டார். சொந்தக்காரர்தான். பெரியப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. விறுவிறுவென்று வீட்டுக்கு வந்தார், உள்ளறைக்குப் போனார், துப்பாக்கி மாட்டியிருந்த ஆணியைப் பார்த்தார். ஆணி மட்டும்தான் இருந்தது.

அரிவாள் இருந்தது, தம்பி. கதவு மூலையிலேயே இருந்தது. அதை எடுத்தார். ஆனால் அரிவாளோடு கண்மாய்க்கரை வரை நடக்க வேண்டும். பெரியம்மா காலைப் பிடித்தார், அப்பா குறுக்கே விழுந்தார், தெருவில் நான்கு பேர் கையை மடக்கினார்கள். அதற்குள் அந்த ஆளை அவர் வீட்டார் திருவாடானைக்கு பஸ் ஏற்றிவிட்டார்கள். ஆவணி மாதம் இரண்டு பேரும் ஒரே கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பேசிக்கொள்ளவில்லை, அது வேறு.

அரிவாளும் கொல்லும், யார் இல்லை என்றது? நம் மாவட்டத்துக்காரனுக்கு அதைச் சொல்லித்தர வேண்டுமா? ஆனால் அரிவாளுக்குக் கிட்டே போக வேண்டும். அந்தத் தூரத்தில் மறிக்கிறவன் நுழைவான், ஓடுகிறவன் ஓடுவான், கோபம் அரைப்பங்கு இறங்கும். துப்பாக்கி அந்தத் தூரத்தை இல்லாமல் ஆக்கிவிடுகிறது. பெரியப்பா கெட்டவர் இல்லை. நல்லவன் கையில் துப்பாக்கி, கெட்டவன் கையில் துப்பாக்கி என்று பிரித்துப் பேசுகிறவர்கள் இந்தக் கால்மணி நேரத்தைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

(அதே சித்திரையில்தான், ஏப்ரல் 28 அன்று, ஆஸ்திரேலியாவின் போர்ட் ஆர்தரில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். அங்கே அப்போது இருந்தது பழமைவாதக் கூட்டணி அரசு. இரண்டு வாரத்துக்குள் சட்டத்தை இறுக்க மாநிலங்களைச் சம்மதிக்க வைத்து, பிறகு ஏறக்குறைய ஆறரை லட்சம் துப்பாக்கிகளை மக்களிடமிருந்து விலை கொடுத்துத் திரும்ப வாங்கியது. எங்கள் கண்மாய்க்கரைக்கு அந்தச் செய்தி வரவில்லை.)

இன்னொன்று. அமெரிக்காவில் 2021ல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். நாம் செய்தியில் பார்ப்பதெல்லாம் பள்ளிக்கூடமும் கடைவீதியும். ஆனால் இதில் பாதிக்கு மேல் தற்கொலை. சாக நினைப்பவன் எப்படியும் சாவான் என்பார்கள். அது பொய் என்பதற்கு ஆதாரம் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம், தனுஷ்கோடிக்கு எதிர்க்கரையே போதும். இலங்கையில் 1995லும் 1998லும் கடும் விஷமுள்ள பூச்சிக்கொல்லிகளுக்குத் தடை வந்தது. அடுத்த பத்தாண்டுகளில் நாட்டின் தற்கொலை விகிதம் ஏறக்குறைய பாதியானது. போரோ வறுமையோ அதற்குள் ஒழிந்துவிடவில்லை. மருந்து டப்பா கைக்கெட்டும் இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

இனி கடல். தங்கச்சிமடத்துப் பையனுக்கு 21 வயது. 2017 மார்ச்சில் கச்சத்தீவுப் பக்கம் குண்டடிபட்டான். இலங்கைக் கடற்படை நாங்கள் சுடவில்லை என்றது. அந்த வீட்டு வாசலில் நின்று சுதந்திரம், கட்டுப்பாடு என்றெல்லாம் பேச எனக்கு வாய் வராது. ஆனால் உங்கள் தம்பியின் படகில் ஒரு துப்பாக்கி இருந்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இன்றைக்கு எல்லை தாண்டினான் என்று பிடிப்பார்கள், படகைப் பறிப்பார்கள், சிறையில் வைப்பார்கள். கொடுமைதான். ஆனால் அவனை மீனவன் என்று சொல்லி மீட்க வழக்கறிஞர் உண்டு, தூதரகம் உண்டு, ராமேஸ்வரத்தில் வேலைநிறுத்தம் செய்யச் சங்கங்கள் உண்டு. படகில் துப்பாக்கி இருந்தது என்று ஒரு வரி சேர்ந்துவிட்டால் அவன் மீனவன் இல்லை. ரோந்துப் படகில் இருப்பவன் முதல் சந்தேகத்திலேயே சுடுவான், பிறகு அதை யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

உங்கள் கப்பல் காவலர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2012 பிப்ரவரியில் கேரளக் கடலில் என்ரிகா லெக்ஸி கப்பலின் பாதுகாப்புக்கு ஏறியிருந்த இத்தாலியக் கடற்படை வீரர்கள், கடற்கொள்ளையர் என்று நினைத்து இரண்டு மீனவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். ஒருவர் கொல்லம், இன்னொருவர் நம் கன்னியாகுமரி. படகின் பெயர் செயின்ட் ஆன்டனி. கச்சத்தீவுக்கு வருஷா வருஷம் யாரைக் கும்பிடப் போகிறோமோ அதே பெயர். ஒன்பது ஆண்டுகள் கழித்து 10 கோடி ரூபாய் இழப்பீடு வந்து வழக்கு முடிந்தது. உங்களைத் தூங்க வைக்கிற துப்பாக்கிக்கு உங்கள் தம்பியின் படகு எப்படித் தெரியும் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு இடத்தில் நீங்கள் சொன்னதற்கு எனக்கு மறுப்பே இல்லை. அரசிடம் மட்டும் துப்பாக்கி இருந்தால் அரசுக்கு யார் கடிவாளம் போடுவது? கூடிய மக்களைப் போலீஸ் சுட்ட பரமக்குடி 2011, தூத்துக்குடி 2018. தூத்துக்குடியில் போலீஸ் வரம்பு மீறியது என்று அரசே அமைத்த விசாரணை ஆணையம் சொன்னது. அப்புறம் எத்தனை பேர் தண்டனை பெற்றார்கள் என்று எண்ணிப் பார்த்தால் உங்கள் கோபம் எனக்கும் வரும். துப்பாக்கிக் கட்டுப்பாடு என்று நான் சொல்வதில் காக்கிச்சட்டைக்காரர் கையில் இருப்பதும் அடக்கம். ஆனால் அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் பத்துப் பேர் கையில் துப்பாக்கி இருந்திருந்தால், ஆணையம் வேறு மாதிரி எழுதியிருக்கும். செத்தவர்கள் எண்ணிக்கையும் வேறு மாதிரி இருந்திருக்கும்.

பெரியப்பா போய்விட்டார். மகன்கள் சிங்கப்பூரில். துப்பாக்கியை யார் பெயருக்கும் மாற்றவில்லை, மதுரையில் ஒரு ஆயுத வியாபாரியிடம் சொற்ப விலைக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆணி இன்னும் சுவரில் இருக்கிறது, காலண்டர் தொங்குகிறது.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். 2013 அக்டோபரில் சீமேன் கார்டு ஓஹையோ என்கிற, ஆயுதக் காவலர்கள் இருந்த கப்பலை 35 துப்பாக்கிகளோடு தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து, அதிலிருந்தவர்களை ஆயுதச் சட்டத்தில் கைது செய்தார்கள். 2017ல் உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து ஒரு சந்தேகம். உங்கள் கப்பலில் ஏறும் காவலர்கள் ஆபத்தான கடலைத் தாண்டியதும் துப்பாக்கிகளை எங்கே, யாரிடம் இறக்குகிறார்கள்? கணக்கு யார் வைக்கிறார்கள்? தெரிந்தால் எழுதுங்கள். பெயர் போட மாட்டேன்.

அன்புடன்,
அண்ணன்